கூலிங் காயில் என்ன விலை?

சினிமா விமர்சனம் எழுதுகிறவர், டைட்டில் கார்டு ஓடி முடிந்ததும் எழுந்து வெளியே வந்து, 'எழுத்துகள் பளிச், மூன்றரை நட்சத்திரம்' என்று எழுதினால் சும்மா இருப்பீர்களா? கார் விமர்சனங்களை மட்டும் அப்படித்தான் வருஷக்கணக்காகப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

வழக்கம் என்னவென்றால், புது மாடல் வரும்போது கம்பெனி, பத்திரிகைக்காரர்களை உதய்ப்பூருக்கோ கோவாவுக்கோ கூட்டிப் போகும். நல்ல ஓட்டல். மறுநாள் காலை, தலைக்குக் குளித்துப் பொட்டு வைத்த மாதிரி கார்கள் வரிசையாக நிற்கும். ஒன்றரை நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுத வேண்டியதுதான். டேஷ்போர்டைத் தட்டினால் என்ன சத்தம் வருகிறது, கப் ஹோல்டரில் எந்த சைஸ் பாட்டில் நிற்கும், சன்ரூஃப் எத்தனை அகலம், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை விநாடி... எல்லாம் இருக்கும். நீங்கள் அந்தக் காரோடு குடித்தனம் நடத்தப்போவது எட்டு வருஷமோ பத்து வருஷமோ. அதில் முதல் இரண்டு வருஷம் எந்தக் கார்தான் ஓடாது?

விமர்சகர்களை மட்டும் குறை சொன்னால் நியாயமில்லை. விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு காரை ஆறு மாதம், ஒரு வருஷம் வைத்திருந்து 'நீண்டகால அனுபவம்' எழுதுகிற பத்திரிகைகளும் உண்டு. ஆனால் கார் கம்பெனி கொடுத்தது, சர்வீஸ் கம்பெனி செய்தது, எதிர்ப்பக்கத்து முழுப்பக்க விளம்பரமும் கம்பெனியுடையது. இதில் கையெழுத்துப் போடுகிற பாவப்பட்ட ஆத்மா எவ்வளவுதான் எழுத முடியும்?

அமெரிக்காவில் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்று ஒரு பத்திரிகை. அதை நடத்தும் அமைப்பு 1936-இல் ஆரம்பித்தது. விளம்பரம் வாங்குவதில்லை. சோதனைக்கான கார்களைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். வருஷா வருஷம் சந்தாதாரர்களிடம் 'உங்கள் வண்டியில் என்னென்ன பழுது?' என்று கேட்டு மாடல்வாரியாகப் பட்டியல் போடுகிறார்கள். ஜெர்மனியில் புதுக் கார் மூன்றாவது வருஷம் கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. எந்த மாடலில் எத்தனை சதவிகிதம் தேறவில்லை என்பது டியூவி அறிக்கையாக வெளிவந்து சந்தி சிரித்துவிடும். நம்மூரில் சொந்தக் காரை அரசாங்கம் முதன்முதலாகக் குனிந்து பார்ப்பது பதினைந்தாவது வருஷம், ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது. அந்த வயசில் அதற்கு என்ன சொன்னாலும் ஒன்றுதான்.

ஆக, மிச்சமிருப்பது ஓனர்கள்.

ஓனரிடம் அவர் காரைப் பற்றிக் கேட்பது, மாப்பிள்ளையின் அம்மாவிடமே மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது மாதிரி. ''ஏழு வருஷமாச்சு சார், ஒரு பைசா செலவு வெச்சதில்ல'' என்று ஆரம்பிப்பார். விடாமல் தோண்டினால், ''கிளட்ச் ஒருதரம் போட்டேன். ஏ.சி-ல சின்னதா ஒரு வேலை. முன்பக்க சஸ்பென்ஷன் ரெண்டுதரம்... அது ரோடு சரியில்ல சார், வண்டியச் சொல்லக் கூடாது!'' என்பார். எட்டு லட்சம் கொடுத்து, ஐந்து வருஷம் ஈ.எம்.ஐ. கட்டியவர் தன் முடிவுக்கு வக்காலத்து வாங்காமல் என்ன செய்வார்? இதற்கு நேர் எதிர் ரகமும் உண்டு. ஷோரூமை விட்டு வந்த மறுவாரம் கதவில் ஒரு 'கிறீச்' கேட்டிருக்கும். அன்றிலிருந்து அந்தக் கம்பெனியே ஃபிராடு. இரண்டு பேர் சாட்சியமும் கோர்ட்டில் நிற்காது.

விசாரிப்பதானால் கால் டாக்ஸி டிரைவரிடம் விசாரியுங்கள். நீங்கள் எட்டு வருஷத்தில் ஓட்டுகிற தூரத்தை அவர் இரண்டே வருஷத்தில் ஓட்டிவிடுகிறார். காரின் மேல் காதல் கிடையாது. 'வண்டி எப்படி?' என்று கேட்காதீர்கள், 'சூப்பர் சார்' என்றுதான் பதில் வரும். 'எதையெதை மாத்தினீங்க, எவ்வளவு ஆச்சு?' என்று கேளுங்கள். கிண்டியில் ஏறினால் விமான நிலையம் வருவதற்குள் ஒரு முழு ஆய்வறிக்கை கிடைத்துவிடும்.

ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துக்கொள்ள வேண்டும். 'நம்பி வாங்கலாம்' என்கிறோமே, அதில் இரண்டு குணங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, அடிக்கடி பழுதாகாமல் இருப்பது. இன்னொன்று, பழுதானால் சுலபமாகச் சரிசெய்ய முடிவது. இரண்டும் ஒன்றல்ல.

அம்பாஸடரை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை வைத்துச் செய்தது. 1950-களின் கடைசியில் வந்து, 2014 மே மாதம் மேற்கு வங்கத்து உத்தரபாரா தொழிற்சாலை நிற்கும்வரை ஓடியது. ஹாரனைத் தவிர மற்ற எல்லாம் சத்தம் போடும் என்பது அந்தக் காலத்து ஜோக். ரேடியேட்டர் கொதிக்கும், மழையில் ஸ்டார்ட் ஆகாது, டேங்க் கசியும். ஆனால், உளுந்தூர்ப்பேட்டை தாண்டி நடுராத்திரியில் நின்றாலும், பக்கத்து லாரி ஷெட்டிலிருந்து ஒரு பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஸ்பேனரோடு வருவான். ஒரு துண்டு ஒயர், டேங்க் ஓட்டையில் அப்ப கொஞ்சம் பார் சோப். திருச்சி போய்ச் சேர்ந்துவிடலாம். பழுதாகாமல் இருப்பதில் சுமார் மார்க், பழுது பார்ப்பதில் நூற்றுக்கு நூறு.

1983 டிசம்பர் 14-ஆம் தேதி இந்திரா காந்தி கையால் முதல் சாவி கொடுக்கப்பட்ட மாருதி 800, இரண்டிலும் நல்ல மார்க் வாங்கியது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், பானெட்டைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று பத்தாம் கிளாஸ் பையனுக்கும் புரியும். 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற பிறகும் வருஷக்கணக்காக அது தெருவில் ஓடிக்கொண்டிருந்ததற்குக் காரணம், என்னைக் கேட்டால், இன்ஜினைவிட அந்த எளிமைதான்.

இன்றைய கார்கள் பழுதாவது குறைவு. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சோக் இழுக்க வேண்டாம், பிளாட்டினம் பாயின்ட்டை உப்புத்தாள் வைத்துத் தேய்க்க வேண்டாம். முதல் குணத்தில் எங்கேயோ போய்விட்டோம். இரண்டாவதில்தான் சத்தமில்லாமல் பின்னால் போய்க்கொண்டிருக்கிறோம். அதை எந்த விமர்சனமும் சொல்வதில்லை, ஏனென்றால் ஒன்றரை நாளில் உதய்ப்பூரில் எதுவும் பழுதாவதில்லை.

ஏ.சி-யின் கூலிங் காயிலைப் பாருங்கள். நம் தூசிக்கும் ஈரத்துக்கும் ஆறேழு வருஷத்தில் அரித்து, ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து, கேஸ் கசிந்துவிடும். காயில் ஒன்றும் யானை விலை இல்லை. ஆனால் பல கார்களில் அது டேஷ்போர்டுக்குப் பின்னால், அடிவயிற்றில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டீயரிங்கைக் கழற்றி, டேஷ்போர்டு மொத்தத்தையும் வெளியே எடுத்து, மாற்றி, திரும்பப் பூட்ட ஒரு முழு நாள் வேலை. பூட்டிய பிறகு பள்ளத்தில் இறங்கினால் உள்ளுக்குள் எங்கேயோ 'கிறுகிறு' என்று ஒன்று முனகும், அந்தக் காரின் ஆயுசுக்கும் முனகும். விமர்சகர் தட்டிப் பார்த்துப் புகழ்ந்தாரே, அதே டேஷ்போர்டு! சில கார்களில் இதே காயிலை கிளவ் பாக்ஸ் பக்கமாகவே உருவிவிடலாம். வரைபடம் போடும்போது எவரோ ஒரு இன்ஜினீயர், பின்னால் வரப்போகும் மெக்கானிக்கை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்திருக்கிறார். அவருக்கு எந்தப் பத்திரிகையாவது ஒரு நட்சத்திரம் கொடுத்ததுண்டா?

டெம்பரேச்சர் முள் இன்னொரு கதை. பல சின்னக் கார்களில் அதை எடுத்துவிட்டு ஒரு விளக்கு வைத்துவிட்டார்கள். முள் இருந்தால் மெல்ல ஏறுவது தெரியும், ஓரங்கட்டி நிறுத்தலாம். விளக்கு சிவப்பாகும்போது விஷயம் கைமீறிக்கொண்டிருக்கும். கவனிக்காமல் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் ஹெட் கேஸ்கட் காலி, சமயத்தில் சிலிண்டர் ஹெட்டே வளைந்துவிடும். சில நூறு ரூபாய் ஹோஸ் பைப் கசிந்ததற்கு இன்ஜினைப் பிரிக்கும் செலவு. அதே காரில் உள்ளே ராத்திரி கலர் கலராக அலங்கார விளக்கு எரியும்.

மெக்கானிக்குகள் எல்லாம் மகாத்மாக்கள் என்று நான் சொல்லவில்லை. ''நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?'' என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றித் தூர எறிகிற பழக்கம் தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் தப்பாக ஒன்றைக் கழற்றுகிறவருக்குக் கற்றுக்கொடுக்கலாம். கழற்றவே முடியாதபடி செய்து அனுப்புகிறவர்களை என்ன செய்வது?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்கள் சிலவற்றில் 'லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்' என்பார்கள். யாருடைய லைஃப் என்று சொல்வதில்லை. ஃபோக்ஸ்வேகனின் டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ் வந்தபோது விமர்சகர்கள் சொக்கிப்போனார்கள். கியர் மாறுவதே தெரியவில்லை என்றார்கள், உண்மைதான். 2013 மார்ச்சில் சீனத் தொலைக்காட்சி அதன் கோளாறுகளைப் போட்டு உடைத்த கையோடு, அங்கே மட்டும் 3,84,181 கார்களைத் திரும்ப அழைக்க வேண்டிவந்தது. முதல் நாள் பாராட்டும் பொய்யில்லை, பின்னால் வந்த கண்ணீரும் பொய்யில்லை. பாராட்டு மட்டும் வழவழ தாளில் அச்சானது.

நான் காமர்ஸ் படித்தவன். எனக்குத் தெரிந்த கணக்கைச் சொல்கிறேன். வருமான வரிச் சட்டப்படி சாதாரணமாக ஒரு காருக்கு வருஷம் 15 சதவிகிதம் தேய்மானம். எட்டு லட்ச ரூபாய் கார் இந்தக் கணக்கில் பத்து வருஷம் கழித்துச் சுமார் ஒரு லட்சத்து ஐம்பத்தேழாயிரம். அன்றைக்கு ஒரு எலெக்ட்ரானிக் பெட்டி போய், ''ரிப்பேர்லாம் கிடையாது, முழு யூனிட்டா மாத்தணும்'' என்று ஒரு லட்சத்துக்கு எஸ்டிமேட் நீட்டினால் என்ன செய்வீர்கள்? இன்ஜின் நன்றாக இருக்கும், பாடி நன்றாக இருக்கும். கார் எஸ்டிமேட்டைப் பார்த்தே செத்துப்போகும். என் மைத்துனரின் ஒன்பது வயசுக் கார் அப்படித்தான் கிட்டத்தட்டப் போய்ச் சேர்ந்தது. சர்வீஸ் சென்டர் சொன்ன தொகையில் எட்டில் ஒரு பங்குக்கு, வெளியே ஒருவர் அந்தப் பெட்டியைத் திறந்து, கருகிப்போன ஒரு பொடிச் சாமானைச் சால்டர் வைத்து மாற்றிக் கொடுத்தார். ரிட்டயரான மனுஷனுக்கு அந்த வித்தியாசம் மூன்று மாத பென்ஷன்.

அந்த மாதிரி ஆட்களிடம் கம்பெனியின் ஸ்கேனரோ சர்க்யூட் விவரமோ ஒரிஜினல் ஸ்பேரோ போய்ச் சேராமல் பார்த்துக்கொள்வது தற்செயல் இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் இதற்காகத்தான் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஸ்பேர் பார்ட்ஸை வெளிச்சந்தையில் விடாமல், பரிசோதனைக் கருவிகளை வெளி மெக்கானிக்குக்குக் கொடுக்காமல், ஓனரை சர்வீஸ் சென்டரிலேயே கட்டிப்போடுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. ஐரோப்பாவில் இந்த விவரங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-இல் ஜனங்களே ஓட்டுப் போட்டு அந்த உரிமையை வாங்கினார்கள். இங்கே கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுது பார்க்கும் உரிமை'க்காக ஒரு தளத்தைத் தொடங்கியது, கார்களும் அதில் உண்டு. அபராதம் அன்று கொட்டை எழுத்துத் தலைப்புச் செய்தி. ஆனால் அந்த 14 கம்பெனிகளின் அடுத்த மாடல் விமர்சனத்தில் 'ஸ்பேர் வெளியே கிடைக்காது, அரை மார்க் கழிக்கிறேன்' என்று நான் எங்கும் படிக்கவில்லை.

2021 செப்டம்பரில் ஃபோர்டு, இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, மறைமலை நகரில் வேலை போனவர்களின் கவலை ஒரு பக்கம். முந்தின மாதம்தான் டெலிவரி எடுத்தவர்களின் கவலை இன்னொரு பக்கம். சர்வீஸும் ஸ்பேரும் தொடரும் என்று கம்பெனி சொன்னது. இருந்தாலும் அந்த ஓனர்கள் சென்னை ஜி.பி. ரோடுக்கும் புதுப்பேட்டைக்கும் வழி தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஜி.பி. ரோடில் புது ஸ்பேர், புதுப்பேட்டையில் பழசு. புதுப்பேட்டைச் சந்துகளில் பிரித்துக் குவித்த கதவும் பம்பரும் ஹெட்லைட்டுமாகத் தொங்கும். எந்த மாடலின் எந்த பாகம் சீக்கிரம் போகும் என்பது அங்கே ஒரு கடையில் அரைமணி நேரம் நின்றாலே புரியும். எதை ஜனங்கள் திரும்பத் திரும்பத் தேடி வருகிறார்களோ, அது.

போன மாதம் ஒரு ஷோரூமுக்கு, வாங்கப்போகிற நண்பருக்குத் துணையாகப் போயிருந்தேன். டை கட்டிய பையன் பதினைந்து நிமிஷம் சன்ரூஃபைத் திறந்து மூடிக் காட்டினான். முடித்ததும், ''தம்பி, இதுல கூலிங் காயில் என்ன விலை? மாத்தணும்னா டேஷ்போர்டைக் கழட்டணுமா?'' என்று கேட்டேன். அவன் முகம் சுருங்கிவிட்டது.

''நல்ல நாளும் அதுவுமா வண்டி பார்க்க வந்திருக்கீங்க. ஏன் சார் இப்படி அபசகுனமா கேக்கறீங்க?''