பிளவுண்ட வானம்

ஜேர்மன் ஜனநாயகக் குடியரசு 1949 இல் தோன்றி 1990 இல் மறைந்தது. 1961 வரையில் 25 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனை நீங்கி மேற்கே சென்றனர். அவ்வாறு சென்றான் ஒருவனையும் செல்லாது நின்றாள் ஒருத்தியையும் பற்றியது, கிறிஸ்ரா வொல்வ் 1963 இல் வெளியிட்ட ‘பிளவுண்ட வானம்’ என்னும் நாவல். இரசாயன அறிஞனான மான்பிரெட் மேற்குப் பேர்லினை அடைகின்றான். காதலி றீற்றா அவனைக் கண்டு மீள்கின்றாள். சில நாட்களில், 1961 ஓகஸ்ட் 13 இல், எல்லை அடைபடுகின்றது.

மேற்குப் பேர்லினை ஒளியின்றித் தீட்டியமை நூலின் குறையே. எனினும், மீண்ட றீற்றா நிலைகுலைந்து வீழ்ந்ததை ஆசிரியர் மறைத்திலர். அவள் முடிவு சரியென்று காட்டவந்த கதை, அதற்கு அவள் கொடுத்த விலையையும் கூறிவிடுகின்றது. தானே தெரிந்த வழியும் மதில் எழுந்தபின் விதியாகிவிடுகின்றது. அரசு அழிந்தும் நூல் வாழ்வது இவ்வுண்மையினாலேயாம்.