மூன்று முக்கோணங்களும் ஒரு களிமண் தொட்டியும்

மலேசிய இடைநிலைப்பள்ளி மாணவர்களில் பலருக்கு விசை, அழுத்தம், அடர்த்தி என்றதும் நினைவுக்கு வருவது மூன்று முக்கோணங்கள். முதலாவதில் மேலே விசை, கீழே பொருண்மையும் முடுக்கமும். இரண்டாவதில் மேலே விசை, கீழே அழுத்தமும் பரப்பும். மூன்றாவதில் மேலே பொருண்மை, கீழே அடர்த்தியும் பருமனும். கேட்கப்பட்ட அளவை விரலால் மறைத்தால் மற்ற இரண்டையும் பெருக்குவதா வகுப்பதா என்பது தெரிந்துவிடும். தெலுக் பங்லிமா காராங் போன்ற கோலா லங்காட் வட்டாரத்து ஊர்களிலும் டியூஷன் வகுப்புகளின் மூலதனம் இந்த முக்கோணம்தான்.

இந்த முறையைக் குறைத்து மதிப்பிட முடியாது. தமிழ்ப்பள்ளியில் தமிழில் அறிவியல் படித்த மாணவர், முதலாம் படிவத்தில் மலாய்மொழி வகுப்பில் உட்காருகிறார். 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்குப் போய், 2012 முதல் படிப்படியாகத் திரும்பி வந்தபோது, இடையில் அகப்பட்ட வகுப்புகள் இன்னும் அதிகமாக அல்லாடின. பாடமொழி எதுவானாலும் சூத்திரம் மாறுவதில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும் ஒரே வினா, ஒரே விடை, ஒரே மதிப்பெண். ஆசிரியரின் விருப்பு வெறுப்புக்கு அங்கே வேலையில்லை. இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்-இல் இயற்பியலைத் தாண்டிப் பொறியியலுக்குப் போன முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலருக்கு இது உண்மையாகவே ஏணியாக இருந்திருக்கிறது.

ஆனால் கணக்குப் போடத் தெரிவதும் இயற்பியல் புரிவதும் வேறுவேறு என்பதற்கு வலுவான சான்று உண்டு. 1992-இல் அமெரிக்காவில் ஹெஸ்டனஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹாமர் ஆகிய மூவரும் எண்களே இல்லாத ஒரு வினாத்தொகுப்பை வெளியிட்டனர். விசையைப் பற்றி மாணவர் என்ன நம்புகிறார் என்பதை மட்டும் அது சோதித்தது. 1998-இல் இயற்பியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஹேக், இத்தகைய வினாக்களுக்கு விடையளித்த 6,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் முடிவுகளைத் தொகுத்தார். பாடத்துக்கு முன் அவர்கள் இழந்த மதிப்பெண்ணில், வழக்கமான விரிவுரை வகுப்புகள் ஏறத்தாழ கால் பங்கை மட்டுமே மீட்டுத் தந்திருந்தன. மாணவர்கள் ஊகித்து, வாதிட்டு, சோதித்துப் பார்த்த வகுப்புகளில் அது ஏறக்குறைய இரு மடங்கானது.

கிள்ளான்–பந்திங் சாலையில் ஓடும் கொள்கலன் லாரியையே எடுத்துக்கொள்ளலாம். அது ஒரு மோட்டார் சைக்கிளில் மோதினால், எது எதன்மீது அதிக விசையைச் செலுத்துகிறது? நியூட்டனின் மூன்றாம் விதியை ஒப்புவிக்கும் மாணவர்களே ‘லாரிதான்’ என்று சொல்வது வழக்கம். இரண்டு விசைகளும் சமம். ஆனால் அதே விசை சிறிய பொருண்மையில் மிகப்பெரிய முடுக்கத்தை உண்டாக்குகிறது; சிதைவு அதனால்தான். முதல் முக்கோணத்திலேயே இந்த விடை அடங்கியிருக்கிறது. எண் கொடுத்தால் அதை எடுத்துவிடுவார்கள். எண் இல்லாவிட்டால் அதன் பக்கமே போவதில்லை.

அழுத்தத்துக்கும் அந்த லாரியே போதும். சுமையோடு 40 டன் எடையும் 18 சக்கரங்களும் என்று கொண்டால், ஒரு சக்கரம் ஏறத்தாழ 22,000 நியூட்டன் தாங்குகிறது. டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 7,00,000 பாஸ்கல். ஆக, ஒரு டயர் சாலையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 310 சதுர சென்டிமீட்டர், அதாவது ஏ4 தாளில் பாதி. பாடநூல் கணக்கில் பரப்பு கொடுக்கப்பட்டுவிடுகிறது. இங்கே மாணவர் அதைக் கண்டுபிடித்து, டயரின் கீழே காகிதம் வைத்துச் சரிபார்க்கவும் முடியும். கிள்ளான் வட்டாரத்து மென்மையான கடல் களிமண்ணில் பெரிய கட்டடங்களை ஏன் நீளமான தூண்களை அறைந்து எழுப்புகிறார்கள் என்ற கேள்விக்கும் இங்கிருந்தே நகரலாம்.

முக்கோண முறையின் பலவீனம் முழுதாகத் தெரிவது அடர்த்தியில்தான். மூன்றாம் ஆண்டிலேயே தண்ணீரில் மிதப்பவை, மூழ்குபவை என்று பிரித்துப் பார்க்கும் பிள்ளை, ‘கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும்’ என்பதை மனத்தில் வைத்துக்கொள்கிறது. ஐந்தாம் படிவத்திலும் அது அசைவதில்லை. தேர்வில் பொருளின் ‘தன்மை – காரணம்’ என்று கேட்கும் வினாவுக்கு ‘குறைந்த அடர்த்தி – லேசாக இருக்கும்’ என்ற மனப்பாட விடை அந்த நம்பிக்கையை மேலும் இறுக்குகிறது. சோதனைத் தொட்டியில் எப்போதும் தண்ணீரே இருப்பதால், மிதப்பது பொருளின் குணம் மட்டுமல்ல, திரவத்தோடு அதற்குள்ள ஒப்பீடு என்பது கண்ணில் படுவதே இல்லை.

கேரித் தீவு உள்ளிட்ட செம்பனை வட்டாரத்தில் இதற்கான பாடம் ஆலைகளுக்குள் இருக்கிறது. கொட்டையை உடைத்தபின் பருப்பையும் ஓட்டையும் பிரிக்க வேண்டும். பருப்பின் அடர்த்தி ஏறத்தாழ தண்ணீரைப் போல 1.07 மடங்கு, ஓட்டினுடையது ஏறத்தாழ 1.17 மடங்கு. வெறும் தண்ணீரில் போட்டால் இரண்டும் மூழ்கிவிடும். அதனால் தண்ணீரில் களிமண்ணையோ கால்சியம் கார்பனேட்டையோ கலக்கி அடர்த்தியை 1.12 அளவுக்கு உயர்த்துகிறார்கள். பருப்பு மேலே எழும்பி வழிகிறது. ஓடு அடியில் தங்குகிறது. பொருள்கள் மாறவில்லை, திரவம் மாறியிருக்கிறது. ஒரு வாளியும் உப்பும் இருந்தால் இதை வகுப்பறையிலேயே செய்து காட்டலாம்.

புலாவ் இண்டா துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் பக்கத்தில் வரைந்திருக்கும் சுமைக்கோடும் இதே விஷயம்தான். 1876-இல் பிரிட்டனில் சாமுவேல் பிளிம்சோல் போராடிச் சட்டமாக்கிய அந்தக் குறியில், இன்று கடல்நீருக்கும் நன்னீருக்கும் தனித்தனிக் கோடுகள் உண்டு. கடல்நீரின் அடர்த்தி கனமீட்டருக்கு சுமார் 1,025 கிலோ, நன்னீருடையது 1,000. கடலில் 10 மீட்டர் அமிழ்ந்திருக்கும் பெட்டி வடிவக் கப்பல், நன்னீரில் இன்னும் 25 சென்டிமீட்டர் கீழே போகும்.

ஆய்வகத்துக்கு நேரமில்லை, பாடத்திட்டம் நீளமானது என்று ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. 2021 எஸ்பிஎம் தேர்விலிருந்து செய்முறைத் தாள் வந்திருப்பது நல்ல திருப்பம்; ஆனால் மாதிரி விடைகளைப் பார்த்து அதற்கும் பயிற்சி எடுக்கத் தொடங்கினால் பழைய கதைதான். முக்கோணத்தை ஒழிக்க வேண்டியதில்லை. ‘இந்த வாளியில் எது மிதக்கும்?’ என்று முதலில் கேட்டு, ஒவ்வொருவரையும் ஊகத்தை எழுதிக் கொடுக்கச் செய்து, பிறகு போட்டுப் பார்த்து, அதன்பின் சூத்திரத்துக்குப் போக வேண்டும். பள்ளித் தேர்வுத் தாள் ஒவ்வொன்றிலும் எண்ணே இல்லாத வினா ஒன்றையாவது ஆசிரியர்கள் சேர்க்கட்டும்.