காலடியில் ஊறும் நீர்

பால்போல வெளுத்த நீர் இல்லாவிட்டால் அது ஒன்செனே, அதாவது ஜப்பானிய வெந்நீர் ஊற்றே, இல்லை என்று சாதிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஷிராஹோனே, ந்யூதோ என்று ஊர்களை அடுக்குவார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகும் துண்டில் கந்தக வாடை போகக்கூடாது என்பார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கந்தக நீர் மண்ணைவிட்டு வெளிவரும்போது கண்ணாடிபோலத் தெளிந்துதான் இருக்கிறது. காற்று பட்டு, கந்தகம் நுண்துகளாகப் பிரிந்த பிறகே வெளுக்கிறது. எல்லோரும் படம் எடுத்துப் போடும் அந்த வெண்மை, நீருக்கு வயதானதன் அடையாளம். எனக்கு அப்போதுதான் பிறந்த நீர் வேண்டும்.

அதற்காகத்தான் மறுபடி மறுபடி குன்மா மலைக்குள் போகிறேன். ஹோஷி ஒன்செனின் சோஜுகான் விடுதி. ஊர் என்று சொல்வதற்கு அந்த ஒரு விடுதியைத் தவிர ஒன்றும் கிடையாது. தோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஜோமோ-கோகென் வரை, பிறகு சருகாக்யோவுக்கு ஒரு பேருந்து, அங்கே இறங்கி இன்னொன்று. மிகுனி கணவாய் வழியாக நீகாதாவுக்கு ஏறிய பழைய பாதையின் பக்கத்துப் பள்ளத்தாக்கில் சாலை போய் முட்டி நிற்கும் இடம். விடுதியின் பழைய கட்டடம் 1875-இல் எழுந்தது. நான் சொல்ல வந்தது அதற்குப் பக்கத்தில் 1895-இல் கட்டிய குளியல் கூடத்தைப் பற்றி.

கூடத்தின் ஜன்னல்களைப் பார்த்தாலே சிரிப்பு வரும். மலையிடுக்கில், மரத்தாலான கூடத்தில், மேலே வளைந்த ஐரோப்பிய ஜன்னல்கள். ரோகுமெய்கான் மாளிகையில் தலைநகரத்துச் சீமான்களும் சீமாட்டிகளும் கவுன் கட்டி ஆடிய மோகம், பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து இந்தக் காட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. 1981-இல் தேசிய ரயில்வே, கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 88-ஓ அதற்கு மேலோ வரும் தம்பதியருக்கென்று ஒரு பயணச்சீட்டு கொண்டுவந்தபோது, நடிகர்கள் உவேஹாரா கென்னும் தகாமினே மியெகோவும் இந்தத் தொட்டியில் அமர்ந்திருக்கும் விளம்பரம் ஜப்பான் முழுக்கப் பேசப்பட்டது. ஒரு தலைமுறைக்கே ஹோஷி என்றால் அந்தப் படம்தான். படத்தில் எல்லோரும் நடிகர்களைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள். தொட்டியின் தரையை யார் பார்த்தார்கள்?

தரை முழுக்கக் கூழாங்கல். அதுதான் விஷயமே. ஊற்று எங்கே இருந்ததோ அதன் தலைமேலேயே தொட்டியைக் கட்டிவிட்டார்கள். குழாய் இல்லை, மூங்கில் வாய்க்கால் இல்லை, சிங்கமுகம் வழியாகக் கொட்டும் ஆடம்பரம் இல்லை. உட்கார்ந்து சற்று அசையாமல் இருந்தால் தொடைக்கு அடியில் ஒரு கல் இலேசாக நகரும். அதன் இடுக்கிலிருந்து குமிழி ஒன்று கிளம்பி, முழங்காலை உரசி, மேலே வந்து உடையும். சற்று நேரம் ஒன்றும் வராது. பிறகு மூன்று நான்கு சேர்ந்தாற்போல வரும். அந்த இடத்தில் காலால் துழாவினால் நுனிவிரலில் மட்டும் சூடு கூடுவது தெரியும். பல பத்தாண்டுகள் பாறைக்குள் கிடந்த மழைநீர், வெளியுலகத்தில் முதலில் தொடுவது நம்முடைய உள்ளங்காலை. இது போதாதா?

எவ்வளவு அபூர்வமான தற்செயல் இது என்பதை யோசித்தால் வியப்பு அடங்காது. ஊற்றின் மேல் நேராக உட்கார வேண்டுமானால் நீர் தானாகவே உடம்பு தாங்கும் சூட்டில் வர வேண்டும். குசாத்சு ஒன்செனின் நீர் 50 டிகிரிக்கு மேல் வருகிறது. பச்சைத் தண்ணீர் ஊற்றி ஆற்றினால் வீரியம் போய்விடும் என்று பலகையால் துழாவித் துழாவி ஆற்றுகிறார்கள். அது ஒரு கலையாகவே ஆகிவிட்டது, பாட்டு வேறு. தமகாவா ஒன்செனில் 98 டிகிரி, கிட்டேயே போக முடியாது. சட்டமோ ஊற்றுவாயில் 25 டிகிரி இருந்தாலே ஒன்சென் என்று 1948-லிருந்து ஒப்புக்கொள்கிறது. அந்த நீரைக் காய்ச்சாமல் குளிர்காலத்தில் இறங்க முடியாது. ஹோஷியில் 43-ஐ ஒட்டி வருகிறது. கால்சியமும் சோடியமும் கலந்த சல்பேட் நீர். நிறம் இல்லை, வாடை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. ஏறி வந்த பிறகு உடம்பு வெகுநேரம் ஆறாது.

ஒவ்வொரு தொட்டியின் குறுக்கேயும் உருட்டு மரம் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். தலை சாய்க்க அதைப்போல வசதி கிடையாது. வழக்கமாக வருகிறவர்களுக்கு அவரவர் கட்டம் உண்டு. ஊற்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வருவதில்லையே. கூடம் ஆண் பெண் இருவருக்கும் பொது, இரவு 8 முதல் 10 வரை பெண்களுக்கு மட்டும். அந்த நேரத்தில் ஒருமுறை நீகாதா பக்கத்துப் பாட்டி ஒருவர் கட்டத்துக்குக் கட்டம் மாறிக்கொண்டே இருந்தார். என்னையும் விடவில்லை. “அம்மா, அங்கே உட்கார்ந்து என்ன பண்றீங்க? ஆறிப்போன மூலை அது. இப்படி வாங்க, இந்தக் கல்லுக்கு அடியிலதான் நல்லா வருது” என்று கையைப் பிடித்து இழுக்காத குறை. போனேன். நன்றாகத்தான் வந்தது. அந்தக் காலத்து விளம்பரத்தைப் பார்த்து வீட்டுக்காரரோடு முதல் தடவை வந்தாராம். இப்போது அவர் அறையில் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருக்கிறார், குளிக்க அழைத்தாலும் வருவதில்லை என்று அலுத்துக்கொண்டார்.

பெண்களுக்கென்று இரண்டு மணி நேரம் கொடுத்திருக்கிறார்களே என்று சந்தோஷப்படலாம். ஆனால் கூடம் அழகாக இருப்பது பகலில், அந்த வளைந்த ஜன்னல்கள் வழியே வெளிச்சம் சாய்வாக விழும்போது. இரவில் விளக்கும் ஆவியும்தான். பகல் அழகைப் பார்க்க வேண்டுமானால் கூச்சத்தைக் கூடத்துக்கு வெளியே கூடையில் போட்டுவிட்டுப் போக வேண்டும். நான் விடியற்காலையில் போவேன், ஆள் இருக்காது.

காலடி ஊற்று ஹோஷிக்கு மட்டும் சொந்தமில்லை. அவோமோரியின் சுதா ஒன்செனில் பீச் மரப் பலகைகளின் இடுக்கு வழியே நீர் வருகிறது. எழுத்தாளர் ஓமாச்சி கெய்கெத்சு அந்த நீரை விட்டு வர மனமில்லாமல் அங்கேயே குடியேறி, 1925-இல் அங்கேயே இறந்தார். ந்யூதோவின் த்சுருநோயுவில் திறந்தவெளிக் குளத்தின் அடியிலிருந்தே ஊறுகிறது, அதோடு வெண்மையும் சேர்ந்திருக்கிறது. என் நண்பர்கள் இதைத்தான் என்மேல் எறிவார்கள். சரி, குளம் அகலம், காற்று மேலே தாராளமாக வீசுகிறது, வெளுக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வார இறுதியில் அந்தக் குளத்தில் எத்தனை தலைகள்!

கியோத்தோக்காரர்களோடு வாதம் வேறு மாதிரி. தவாராயா, ஹீராகியா என்று அந்த ஊர் விடுதிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர்களுக்குக் குரலே தாழ்ந்துவிடும். தோட்டத்தை நோக்கிய அறை, சீசனுக்கு மாறும் சுருள் ஓவியம், அழைக்காமலே வந்து நிற்கும் பணிப்பெண். எல்லாம் நயம்தான், குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அங்கே மரத்தொட்டியில் இருப்பதோ ஊர்த் தண்ணீர், காய்ச்சியது. மணக்கிறது, மரம் மணக்கிறது. நான் தேடிப் போவது நீரை என்பதால் அந்தப் பந்தியில் எனக்கு இலை இல்லை என்று விட்டுவிட்டேன். இப்போது பெருகிவரும் இன்னொரு கூட்டம், அறைக்கே தனித் திறந்தவெளித் தொட்டி வேண்டும் என்பவர்கள். பத்து அறைக்குப் பத்துத் தொட்டி என்றால் ஊற்று பத்தாகப் பெருகிவிடுமா? இருப்பதைப் பங்கு போட்டு, போதாததற்கு மோட்டார் வைத்து, ஓடிய நீரையே வடிகட்டித் திரும்ப விடுகிறார்கள்.

அப்படித்தான் ஏரிக்கரையில் ஒரு பெரிய விடுதி. பெயர் வேண்டாம். விளம்பரத்தில் மலையும் ஆவியும் கண்ணைப் பறித்தன. உடை மாற்றும் அறைக் கதவைத் திறந்ததுமே நீச்சல்குள வாடை. சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பில் நான்கும் இருந்தன: நீர் கலப்பது, சூடாக்குவது, சுழற்றுவது, குளோரின் போடுவது. அந்த அறிவிப்பை ஒட்ட வைத்ததே ஒரு அவமானம்தான். 2004-இல், வெள்ளை நீருக்குப் பேர்போன அதே ஷிராஹோனேயில், வெண்மை குறைந்துபோன சில இடங்களில் குளியல் தூளைக் கலக்கியது அம்பலமானது. நாடே கொதித்தது. மறுவருடமே நான்கையும் எழுதி ஒட்ட வேண்டுமென்று விதி வந்தது. நிறத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் இருக்கும்வரை நிறம் கொடுக்கிறவர்களும் இருப்பார்கள் என்று நான் நண்பர்களிடம் சொல்லாமல் இருந்ததில்லை. இப்போதெல்லாம் முதலில் அந்தக் காகிதத்தைப் படிக்கிறேன். பிறகே துண்டை எடுக்கிறேன்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நீரில் நடக்கும் அதே கூத்துதான் தட்டிலும். கடலைப் பார்க்காத மலைநாட்டு விடுதியில் உட்கார்ந்ததும் சூரை மீன் சஷிமி, சிவப்பாக மூன்று துண்டு. பக்கத்தில் மெழுகுக்கட்டி போன்ற நீல எரிகட்டியின்மேல் குட்டிச் சட்டி, அதற்குள் இரண்டு மாட்டிறைச்சித் துண்டு, ஒரு காளான், கொஞ்சம் முட்டைக்கோஸ். ஹொக்கைதோவானாலும் கியூஷுவானாலும் இந்தச் சட்டி தப்பாது. நாம் சாப்பிட்டு முடிக்கும்போது எரிகட்டியும் அணைய வேண்டும் என்று எடை பார்த்து வெட்டியிருப்பார்கள். அந்தக் கணக்கை மெச்சலாம். சமையலை மெச்ச முடியாது.

மலையில் மலைதான் தட்டுக்கு வர வேண்டும். ஹோஷியில் நான் காத்திருப்பது இவானா மீனுக்கு. நீந்தும்போது வளைந்த உடம்பு அப்படியே நிற்கும்படி கம்பியில் குத்தி, வாலும் துடுப்பும் கருகாமல் இருக்க அங்கே மட்டும் உப்பைக் கெட்டியாக அப்பி, கனலில் மெதுவாக வாட்டியிருப்பார்கள். நல்ல கையென்றால் தலையைக்கூட மிச்சம் வைக்கத் தோன்றாது, முறுகலாக இருக்கும். அவசரக் கையென்றால் முதுகெலும்பை ஒட்டிச் சதை ஈரமாக நிற்கும். ஒரே பார்வையில் அடுக்களையை எடை போட்டுவிடலாம். அடுத்தது கொன்யாக்கு, கிழங்கிலிருந்து செய்யும் வழுக்கட்டி. ஜப்பானின் கொன்யாக்குக் கிழங்கில் 90 சதவீதத்துக்கும் மேல் விளைவது இந்தக் குன்மாவில்தான். ஆனால் வெளியூர்க்காரர்கள் அதைத் தட்டோரம் ஒதுக்குவதைப் பார்க்கும்போது மனசு கேட்காது. மெல்லியதாகச் சீவி, குளிரக் குளிர, புளிப்பு மிசோவில் தொட்டுப் பாருங்கள். ருசி மிசோவில் இருக்கிறது, கொன்யாக்கு கொடுப்பது பல்லுக்கு வேலை. வசந்தம் என்றால் காட்டுக் கீரைகள், தாரா மரத்தின் குருத்து தெம்புராவாக. அந்த இளங்கசப்புக்காகவே மே மாதத்தில் போகிறவர்கள் உண்டு.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கீரையிலும் சூரைக் கருவாட்டுச் சாறு இறங்கியிருக்கும். அறை பதியும்போதே சொல்லிவிடுங்கள், வந்து உட்கார்ந்த பிறகு சொன்னால் அடுக்களையும் பாவம், நீங்களும் பாவம்.

பழைய விடுதிகள் குறைந்துகொண்டே வருகின்றன. 1980 வாக்கில் நாடெங்கும் 80,000-க்கு மேல் இருந்த ரியோகன் எனும் மரபு விடுதிகள் 2017-இல் 40,000-க்கும் கீழே வந்துவிட்டன. குழுப் பயணக் கம்பெனிக்காரர்களை நம்பிக் கட்டிய கான்கிரீட் கோட்டைகள் கினுகாவா ஆற்றங்கரையில் ஜன்னல் உடைந்து நிற்கின்றன. அவற்றுக்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. வாரிசு இல்லாமல், பனி தள்ள ஆள் இல்லாமல் மூடும் பத்து அறை விடுதிகள்தான் வயிற்றைக் கலக்குகின்றன. ஒதுக்குப்புற ஒன்சென் விடுதிகளுக்காக 1975-இல் தொடங்கிய மறைநீர் காப்போர் சங்கத்தின் காகித விளக்கு வாசலில் தொங்கினால் சற்று நம்பிப் போகலாம். மூன்று வருடத்தில் பத்து முத்திரை சேர்த்தால் ஒரு இரவு இலவசம் என்று அவர்கள் ஏட்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்தது, ஆனால் முத்திரைக்காகவே ஓடுகிறவர்களையும் உண்டாக்கிவிட்டது. மூன்று மணிக்கு வருகிறார்கள், குளிக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், காலையில் முத்திரையோடு பேருந்து ஏறுகிறார்கள்.

அந்தக் காலத்தில் விவசாயிகள் அறுவடை முடிந்து அரிசி மூட்டையோடு வந்து வாரக்கணக்கில் நீரில் கிடந்தார்கள். அவ்வளவு வேண்டாம், இரண்டு இரவாவது இருங்கள். வந்தவர்களுக்குக் காட்டும் வரிசையெல்லாம் முதல் இரவோடு தீர்ந்துவிடும். மறுநாள் அடுக்களை அன்றைக்குக் கையில் கிடைத்ததைச் செய்கிறது. போனமுறை இரண்டாம் இரவில் எனக்கு வந்தது மிசோவில் வெந்த முள்ளங்கி, ஊறுகாய், நேற்றைவிடச் சின்ன இவானா ஒன்று. எரிகட்டிச் சட்டி வரவில்லை. சோறு மறுபடி வாங்கிச் சாப்பிட்டேன். எட்டு மணிக்கு நிரம்பிய வயிற்றோடு தொட்டியில் இறங்குவதை மருத்துவர்கள் ஏற்கமாட்டார்கள், ஆகவே ஒன்பது வரை அறையில் புரண்டுகொண்டிருந்தேன். வார நாளில் கேட்டால் இரண்டு இரவுக்கு அறை கிடைக்கிறது. சனிக்கிழமையைச் சேர்த்துக் கேட்காதீர்கள்.