அம்மாவுக்கு முதல் அனிமே

அம்மாவுக்கு முதன்முதலாக அனிமே காட்டுவதென்றால் எதில் தொடங்குவது? வாளும் ரத்தமும் தெறிக்கிற நீளத் தொடர்களைத் தள்ளிவைத்துவிட்டு, ஹயாவோ மியாசாகி 1988இல் எடுத்த ‘மை நெய்பர் டோட்டோரோ’வைப் போடலாம். 86 நிமிடம்தான், வில்லன் கிடையாது. ஐப்பசி மழை தகரக் கூரையில் கொட்டும் கொடைக்கானல் சாயங்காலத்தில், மலைப்பூண்டு உரித்துக்கொண்டே பார்க்கத் தோதான படம்.

கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறையின் அடுக்கு வயல்களைப் பார்த்து வளர்ந்தவருக்குப் படத்தில் வரும் ஜப்பானியக் கிராமம் அந்நியமாகப் படாது. ஓடைத் தண்ணீரில் குளிரவைத்த வெள்ளரிக்காயைப் பிள்ளைகள் நறுக்கென்று கடிக்கும்போது, பூண்டு உரிக்கிற கை சற்று நின்றுவிடும். பிறகு அந்த பஸ் ஸ்டாப். அப்பாவுக்குக் குடை எடுத்துக்கொண்டு அக்காவும் தங்கையும் மழையில் காத்திருக்கிறார்கள். பெருமாள்மலையில் கடைசி பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு அந்த இருட்டும் ஈரமும் நன்றாகத் தெரியும். பக்கத்தில் வந்து நிற்கும் புசுபுசுவென்ற பெரிய பிராணியான டோட்டோரோ, இரவல் குடைமேல் சொட்டு விழும் ஓசையில் சொக்கிப்போய், எம்பிக் குதித்து மரத்து நீரையெல்லாம் ஒரேயடியாக உதிர்க்கிறது. சப்டைட்டில் படிக்கும் வேலையே அங்கே அதிகமில்லை. காட்சியில் அவசரமே இல்லை; அந்தப் பொறுமை, படத்தைக் கையால் வரைந்தவர்களின் பொறுமை. நடுவில் புகுந்து விளக்கம் சொல்லாதீர்கள். அம்மா கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.