வளையமும் கொடியும்: மாலைதீவின் அரக்குப் பாத்திரத்தை எப்படி வாசிப்பது?

இஸ்லாமியக் கலை பற்றி நமது இதழ்களிலும் மலர்களிலும் வரும் கட்டுரைகளில் ஒரு கருத்து திரும்பத் திரும்ப வருகிறது. உருவம் வரைவதற்குத் தடை இருந்தது, ஆகவே முஸ்லிம் கலைஞர்கள் கொடி, மலர், கேத்திரகணித வடிவங்களின் பக்கம் போனார்கள் என்பதே அது. இதை முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால், ஒரு கலையை அது செய்யாமல் விட்டதைக் கொண்டு மட்டும் விளக்கியவர்களாகிறோம். செய்ததைப் பற்றி யார் பேசுவது?

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மாலைதீவின் பா அதொளில் துல்ஹாதூ என்றொரு தீவு. அரக்கு வேலைக்குப் பேர்போன இடம். திவெஹி மொழியில் அந்தத் தொழிலுக்கு 'லா ஜெஹுன்' என்று பெயர். அங்கு உருவான பாத்திரங்களில் பெரியது 'மலாபாய்': வட்டமான, மூடி போட்ட மரப்பாத்திரம். விருந்துகளிலும் சுல்தானின் அரண்மனைக்கு உணவு கொண்டுபோகும்போதும் பயன்பட்டது.

இதன் அழகைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் வேலை நடக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் மரம் 'ஃபுன'. நமது புன்னைதான் அது. பெயரைக் கேட்டாலே உறவு புரியும். உலர்ந்த கட்டையைக் கடைசல் பொறியில் பொருத்திச் சுழற்றுகிறார்கள். முன்பு ஒருவர் கயிற்றை இழுத்துச் சுழற்ற, இன்னொருவர் உளி பிடித்தார். இப்போது மின்மோட்டார் சுழற்றுகிறது. வெளிப்புறம் உருண்டு வந்தபின் உள்ளே குடைகிறார்கள். பிறகு சுழலும் மரத்தின் மேல் நிறம் சேர்த்த அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம். காய்ந்த ஓலையால் தேய்த்து மினுக்குவார்கள். கடைசியில் கூரான கருவியால் மேல் அரக்கை வெட்டி எடுக்க, கறுப்பின் அடியில் கிடந்த சிவப்போ மஞ்சளோ இலையாகவும் பூவாகவும் வெளியே வருகிறது. தாளில் மாதிரி போட்டு ஒட்டுவதில்லை, கையே அளவு.

உயர்தர வகுப்பில் இந்தப் பாத்திரத்தின் படத்தைக் காட்டியபோது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், இது மெஷின்ல செஞ்சதா, கையால செஞ்சதா?" நல்ல விமர்சனக் கேள்வி. இரண்டும்தான் என்பது விடை. பாத்திரத்தைச் சுற்றி ஓடும் வளையங்கள் கடைசல் போட்டவை, அவை பிசகாது. வளையங்களுக்கு இடையே ஓடும் கொடி கை வெட்டியது. அதில் ஓரிலை தடித்திருக்கும், அடுத்தது மெலிந்திருக்கும். வெண்பா படித்தவர்களுக்கு இது புதிதல்ல. தளை தட்டக் கூடாது. ஆனால் தளைக்குள்ளே சொல் புலவனுடையது. வளையம் இல்லாவிட்டால் கொடி சிதறிப்போகும். கொடி இல்லாவிட்டால் வளையம் வெறும் கோடுதான்.

இனி அந்தத் தடை விளக்கத்துக்கு வருவோம். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற நூலில் கண்டிய அரக்கு வேலையின் இரு வகைகளைப் பதிவு செய்தார். கடைசலில் செய்வது 'பிரலு வெட'. இளகிய அரக்கை நூலாக இழுத்து, நகத்தால் கிள்ளி ஒட்டுவது 'நியபொது வெட'. பிந்தியது மாத்தளைப் பக்கத்தில் இன்றும் நடக்கிறது. அந்தக் கைவினைஞர்களின் சமூகத்தில் உருவத்துக்குத் தடை எதுவும் இருக்கவில்லை. விகாரைச் சுவர்களில் நிறைய உருவங்கள் உண்டு. ஆனாலும் அவர்களது அரக்குக் கைபிடிகளிலும் செப்புகளிலும் நாம் பார்ப்பது வளையம், இதழ், கொடிதான். ஏன்? சுழலும் மரம் வளையத்தைத் தருகிறது. வளையத்தின் இடைவெளி ஓடும் கொடியைக் கேட்கிறது. தொழிலின் இயல்பே அலங்காரத்தில் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது. மார்க்கத்துக்கு இதில் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் தடையின் கணக்கில் எழுதிவிட்டால் உளி பிடித்தவனின் அறிவு கணக்கிலேயே வராது என்கிறேன்.

இரு வேலைகளுக்கும் வித்தியாசமும் உண்டு. மாத்தளையில் நிறத்தை மேலே சேர்க்கிறார்கள். துல்ஹாதூவில் மேலே உள்ளதை நீக்குகிறார்கள். அழகு பற்றிய இரண்டு வேறு முடிவுகள் இவை. 'அரக்கு வேலை' என்று ஒரே சொல்லில் அடக்கினால் இது கண்ணில் படாது.

அடுத்தது மூடி. 1602இல் கப்பல் உடைந்து மாலைதீவில் ஐந்தாண்டு தங்க நேர்ந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார், அங்கே அரக்குப் பூசிய மூடிப் பாத்திரங்களில் உணவு வைக்கப்பட்டதை எழுதியிருக்கிறார். மூடியிலும் வேலைப்பாடு உண்டு. சாப்பாடு வந்து இறங்கும்போது விருந்தாளியின் கண்ணில் முதலில் படுவது அதுதான். ஆகவே அந்தக் கொடி, வீட்டுக்காரர் விருந்தாளிக்குச் சொல்லும் மரியாதை.

இன்று அந்தத் தொழிலாளிகள் பெரும்பாலும் செய்வது சுற்றுலாப் பயணிகளின் பையில் அடங்கும் பூச்சாடிகளும் சின்னச் செப்புகளும். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வயிற்றுப்பாடு இருக்கிறது. கைத்திறனும் குறையவில்லை. ஆனால் பத்துப் பேர் சாப்பாட்டைச் சுமந்த மூடி, இப்போது எதையும் மூடுவதில்லை. அங்கே 'மாலூத்' வைபவங்களில் கூடிச் சாப்பிட்ட வழக்கம் அருகியது போலவே, இங்கே நமது சஹனும் அருகி வருகிறது. ஆறு பேர் சுற்றியிருந்து உண்ட இடத்தில் இப்போது ஆளுக்கொரு பார்சல். மௌலித் ஓதலாமா கூடாதா என்பது ஆலிம்கள் பேச வேண்டிய விடயம். அதற்குள் நான் போகவில்லை. எனது கவலை வேறு. ஒன்றாக உண்ணும் பழக்கம் போனால் அதற்காகப் பிறந்த பாத்திரமும் போகும். பாத்திரம் போனபின் அதன் பூவை மட்டும் புகழ்ந்து நாம் கட்டுரை எழுதிக்கொண்டிருப்போம்.

நமது ஊர்களிலும் இன்னும் சில வீடுகளில் பழைய பெட்டகம், ரெஹால், கடைசல் கால் வைத்த கட்டில் எல்லாம் கிடக்கின்றன. ஆய்வு செய்யும் இளையவர்கள் அவற்றைப் படம் பிடிப்பதோடு நிற்காமல் நாலு விடயங்களைக் கேட்டு எழுதிவைக்கட்டும்: என்ன மரம், யார் கடைந்தது, எந்த உளியால் வெட்டியது, வீட்டில் என்னத்துக்குப் பாவித்தார்கள். மூத்தம்மாமார் இருக்கும்போதே கேட்க வேண்டும். பிறகு கேட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது.