மூன்றாவது வரிசை, இடமிருந்து நான்காவது

மதுரை கோரிப்பாளையத்தில் என் அத்தை வீட்டுச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், ஒரு குரூப் போட்டோ தொங்குகிறது. நடுவில் நாற்காலியில் தலைமையாசிரியை, இருபுறமும் டீச்சர்கள். அவர்கள் காலடியில் சம்மணமிட்ட சின்னப் பெண்கள். பின்னால் நிற்கிறவர்கள் ஒரு வரிசை, அதற்கும் பின்னால் பெஞ்சு மேல் ஏறி நிற்கிறவர்கள் ஒரு வரிசை. தரையில் ஒரு சிலேட்டு: எட்டாம் வகுப்பு, 1962-63.

சித்திரைத் திருவிழாவுக்கு வந்திருந்தபோது என் மகன் அதைச் செல்போனில் எடுத்து, அத்தையின் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டான். எல்லோரும் இதயம் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் வேறு நூறு செய்திகளுக்கு அடியில் அது போய்விட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் படத்தை ஆணியிலிருந்து இறக்கி, அத்தையின் மடியில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. ஒரு பழைய பள்ளிப் படத்தை எப்படிப் பார்ப்பது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

முதலில், நம் ஆளைத் தேடாமல் இருக்க வேண்டும். இது கடினம். கண் தானாகவே அங்கே போகும். ஆனால் நம் ஆளைக் கண்டுபிடித்தவுடன் படம் முடிந்துபோகிறது. ஓரத்திலிருந்து தொடங்குங்கள். பின்னால் என்ன கட்டடம்? தூணா, வளைவா, ஓட்டுத் தாழ்வாரமா? அமெரிக்கன் கல்லூரிப் படமென்றால் சிவப்புச் செங்கல் மெயின் ஹாலின் வளைவுகள் காட்டிக் கொடுத்துவிடும். சிம்லாவில் வைஸ்ராய் மாளிகையையும் மைசூர் அரண்மனையையும் வடிவமைத்த ஹென்றி இர்வினின் கைவண்ணம் அது. 1881-இல் தொடங்கி, பசுமலையில் வளர்ந்து, பின்பு வைகையின் வடகரைக்குக் குடிவந்த கல்லூரி. பின்னணியில் அந்த வளைவு தெரிந்தால், கல்லூரி இங்கே வந்த பிறகு எடுத்த படம் என்பதில் சந்தேகமில்லை.

அடுத்து நிழல். குரூப் போட்டோவை வெயிலில் எடுக்க மாட்டார்கள், எல்லோரும் கண்ணைச் சுருக்குவார்கள் என்று. வேப்பமர நிழலிலோ, கட்டடத்தின் நிழல் விழும் பக்கத்திலோ காலை நேரத்தில் நிறுத்துவார்கள். அத்தையின் படத்தில் வலது ஓரத்துப் பெண் மட்டும் கண்ணை இடுக்குகிறாள். நிழல் அவள் வரைக்கும் எட்டவில்லை. அறுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு காலை வெயில் அந்த ஒரு முகத்தில் அப்படியே இருக்கிறது.

பிறகு கைகள், கால்கள், துணி. தரையில் இருப்பவர்களில் எத்தனை பேர் காலில் செருப்பு? யார் பாவாடை சட்டை, யார் தாவணி? எட்டாம் வகுப்பில் தாவணி போட்டிருப்பவள் வயதில் மூத்தவள். தாமதமாகப் பள்ளியில் சேர்ந்திருக்கலாம், ஒரு வருஷம் நின்று மறுபடி வந்திருக்கலாம். "இவ அம்மா செத்துப் போச்சு, தம்பியப் பாத்துக்க ரெண்டு வருஷம் வீட்டுல இருந்துட்டு வந்தா" என்று ஒரு தாவணியைப் பார்த்து அத்தை சொன்னார். படம் அதைச் சொல்லவில்லை. ஆனால் படம் இல்லாமல் அத்தைக்கு அது ஞாபகம் வந்திருக்காது.

இதற்குப் பிறகுதான் பெயர்கள். இங்கேதான் நான் ரொம்ப நேரம் நின்றேன். உங்களையும் நிற்கச் சொல்கிறேன்.

அட்டையின் அடியில் அச்சிட்ட பெயர்களை வாசிக்கும்போது இனிஷியலை விட்டுவிடாதீர்கள். தமிழ்ப் பெயரில் வம்சாவளி அந்த ஒரு எழுத்தில் ஒளிந்திருக்கிறது. அப்பா பெயரின் முதல் எழுத்து. இரண்டு எழுத்திருந்தால் முன்னது பெரும்பாலும் ஊர். ஆண்களுக்கு அந்த எழுத்து கடைசிவரை கூட வருகிறது. பெண்களுக்கு வருவதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், பேங்க் கணக்கு எல்லாவற்றிலும் கணவர் பெயர் ஏறிக்கொள்கிறது. அத்தையோடு படித்தவர்களில் ஒருத்தரைக்கூட இன்றைக்கு அந்தப் பழைய பெயரில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பெண்கள் தங்கள் அப்பா கொடுத்த எழுத்தோடு, தங்கள் பெயரில், தாங்களாக நிற்கிற கடைசி இடம் பல வீடுகளில் இந்தப் பள்ளிப் படம்தான்.

வீட்டு வம்சாவளியை எடுத்துப் பாருங்கள். தாத்தா, அவருடைய மகன்கள், அந்த மகன்களின் மகன்கள். பங்காளி வழி தெளிவாக ஓடும். மகள்கள் "இன்ன ஊரில் கொடுத்தது" என்ற ஒரு வரியோடு நின்றுபோவார்கள், சில வீடுகளில் அந்த வரியும் இருக்காது. ஆகவே, வம்சாவளி போடுகிறவர்கள் பள்ளிப் படத்தையும், பள்ளிப் படம் பகிர்கிறவர்கள் வம்சாவளியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒன்று விட்டதை மற்றது பிடித்து வைத்திருக்கிறது.

கோரிப்பாளையத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊர்ப் பெயரே இங்குள்ள தர்காவிலிருந்து வந்தது என்பார்கள். பாரசீகத்தில் கோர் என்றால் கல்லறை. தர்காவைச் சுற்றியுள்ள குடும்பங்களுக்கு ஷஜரா என்னும் வம்சாவளி மரபு இருக்கிறது. பத்து நிமிட நடைக்குள் அமெரிக்க மிஷன் வளர்த்த அமெரிக்கன் கல்லூரியும் ஓ.சி.பி.எம். பெண்கள் பள்ளியும். அந்த வழிக் குடும்பங்களுக்குத் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடு. மற்றவர்களுக்குக் குலதெய்வக் கோயிலும் பங்காளிக் கணக்கும். இந்த மூன்று ஏடுகளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. பிறப்பால் எழுதப்பட்ட எந்தத் தாளிலும் சேராதவர்கள், அத்தையின் படத்தில் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். "இவ வீட்டுல நோன்புக் கஞ்சி, இவ வீட்டுல கிறிஸ்மஸ் கேக்கு" என்று அத்தை விரலை வைத்து வைத்துச் சொன்னார்.

உறவுமுறைக்கு ஏட்டைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். பரணில் மொய் நோட்டு கிடக்கும். மதுரைப் பக்கத்தில் அதைவிட நல்ல வம்சாவளி ஆவணம் எனக்குத் தெரிந்து இல்லை. யார் எந்த ஊர், யார் என்ன முறை, தாய்மாமன் என்ன செய்தார், எவ்வளவு எழுதினார் எல்லாம் அதில் உண்டு. கிரயப் பத்திரத்தில் இன்னார் குமாரர் இன்னார் என்று வழி வரும். கல்யாணப் பத்திரிகையின் கீழே உள்ள "தங்கள் நல்வரவை விரும்பும்" பட்டியல் ஒரு வருஷத்தின் குடும்பக் கணக்கெடுப்பு. காதணி விழா பிளெக்ஸும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் அப்படித்தான். மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரன் பேத்திகள் எல்லாரையும் முறையோடு போட்டு, ஒரு வாரத்தில் கிழித்துவிடுகிறோம். கிழிப்பதற்குள் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

தேதியில்லாத தாள் கையில் கிடைத்தால் சோர்ந்துவிடாதீர்கள். ஃபீஸ் ரசீதில் அணா இருந்தால், பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. நயா பைசா என்றிருந்தால் அதற்கும் 1964-க்கும் இடைப்பட்டது. போட்டோவின் பின்னால் ஸ்டூடியோ முத்திரையில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட்டுக்குப் பின். சான்றிதழில் சென்னை மாநிலம் என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முன். பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடிந்திருந்தால், 1978-இல் பிளஸ் டூ வருவதற்கு முந்தைய செட். பத்திரிகையில் விசுவாவசு வருஷம் என்று மட்டும் இருந்தால் அது 1965-66 ஆக இருக்கலாம், 2025-26 ஆகவும் இருக்கலாம், அறுபதாண்டுச் சுற்று அப்படி. எனக்கு மிகப் பிடித்தது எழுத்துத்தான். லை, னை, ணை எழுத்துகளின் தலையில் யானைத் தும்பிக்கை போலச் சுழி வளைந்திருந்தால், அது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் எழுதப் பழகிய கை. அச்சு மாறிய பின்னும் பல கைகள் மாறவில்லை என்பதால், இதை வைத்து எழுதியவரின் வயதைச் சொல்லலாம், எழுதிய வருஷத்தைச் சொல்லிவிட முடியாது.

இனி, பகிர்வது. வெட்டாதீர்கள். முழுப்படம், அட்டையின் ஓரம், ஸ்டூடியோ பெயர், பின்பக்கம், எல்லாமே வேண்டும். ஸ்கேனர் கிடைத்தால் 600 டிபிஐ-யில் எடுங்கள், பின்வரிசை முகத்தைப் பெரிதாக்கினாலும் உடையாது. செல்போன் என்றால் ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவே கூடாது, முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு வைத்தே, வெளிச்சம் திருப்பி அடிக்காத கோணத்தில் எடுங்கள். லேமினேஷனும் வேண்டாம். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். செல்போன் செயலியில் கலர் ஏற்றிப் பார்க்க ஆசையிருந்தால் பாருங்கள். ஆனால் அத்தையின் தாவணி என்ன நிறம் என்று அத்தைக்குத்தான் தெரியும், மிஷினுக்குத் தெரியாது. கறுப்பு வெள்ளையைத்தான் மூலமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாத் தாளும் ஊருக்குக் காட்டுவதற்கில்லை. டி.சி.யிலும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலும் சாதி, பிறந்த தேதி, மச்சம் முதலான அங்க அடையாளங்கள் எல்லாம் இருக்கும். அவற்றை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். குரூப் போட்டோ நமக்கு மட்டும் சொந்தமில்லை, அதில் நிற்கிற எல்லாருக்கும் அதில் பங்குண்டு. உயிரோடிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுவதுதான் மரியாதை.

படத்தோடு ஒரு கேள்வியையும் போடுங்கள். "எங்கள் அத்தை" என்று போட்டால் நம் வீட்டார் மட்டும் இதயம் போடுவார்கள். "மூன்றாவது வரிசை, இடமிருந்து நான்காவது யார்?" என்று கேட்டால் ஊர் பதில் சொல்லும். வரிசை, எண், பெயர், பள்ளி, வருஷம், இவற்றைப் படத்தின் மேல் எழுதாமல் கூடவே யூனிகோடில் தட்டச்சிட்டுப் போட்டால், பத்து வருஷம் கழித்துத் தேடுகிறவருக்கும் கிடைக்கும்.

இதை ஒரு சமூகமே சேர்ந்து செய்தால் எப்படியிருக்கும் என்பதற்கு ஈழத்தைப் பார்க்கலாம். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்டவர்கள் அவர்கள். 2005-இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகத்தில் பள்ளி மலர்களையும், இறந்தவர் பேரில் குடும்பத்தார் அச்சிடும் நினைவு மலர்களையும் ஏராளமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நினைவு மலர் பலவற்றில் வம்சாவளியே இருக்கும். நமக்கும் அவர்களுக்கும் ஒரு பழைய பள்ளித் தொடர்புண்டு: 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கிய டேனியல் பூவர்தான் 1830-களில் மதுரைக்கு வந்து பள்ளிகளை நடத்தினார், அமெரிக்கன் கல்லூரி நூலகத்துக்கு அவர் பெயர். இந்தப் பக்கம், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி நகலெடுத்திருக்கிறார்கள். ஒரு சாயங்காலம் அந்தப் படங்களைப் பாருங்கள். முகம் தெரியாதவர்களைப் பார்க்கப் பழகினால் நம் வீட்டுப் படத்தைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

அத்தை அன்றைக்கு முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொரு பேரைச் சொன்னார். மிச்சம் ஏழு பேர். மூன்றாவது வரிசையில் நான்காவதாக நின்றவளுக்கு, வகுப்பில் வைத்த பட்டப்பெயர் மட்டும் ஞாபகம் வந்தது. சொல்லிவிட்டு, சொன்னதற்காக வருத்தப்பட்டார். நான் முழுப்படத்தையும் வரிசை வரிசையாகப் பெயர்களோடு போட்டு, அந்த ஏழு இடங்களை வெறுமனே விட்டுக் கேட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்துத் தெப்பக்குளம் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதினாள். நான்காவதாக நிற்பது தன் அம்மாச்சி, போன வருஷம்தான் காலமானார் என்றாள். கூடவே அம்மாச்சியின் தகரப் பெட்டியிலிருந்து ஒரு ஆட்டோகிராப் நோட்டின் ஒரு பக்கம். ரோஸ் நிறத் தாள், வெளிறிய ஊதா மை, அடியில் அத்தையின் பெயர். கணவர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் எங்கும் எழுதியிராத, தாத்தாவின் எழுத்தை முன்னால் போட்ட பெயர்.

செல்போனை அத்தையிடம் கொடுத்தேன். பெரிதாக்கச் சொன்னார். இன்னும் பெரிதாக்கச் சொன்னார். "என்னை மறந்துவிடாதே" என்பதில் உள்ள னைக்குத் தலையில் தும்பிக்கை வளைந்திருந்தது. அந்த வளைவின் மேலேயே ஆள்காட்டி விரலை வைத்து, மெதுவாக, ஒருமுறை எழுதிப் பார்த்தார்.