துப்பாக்கிக்கு முந்திய கணம்

கோம்பையில் வேட்டை நாய் வளர்த்த பெரியவர் ஒருவர் முன்பு என்னிடம் சொன்னார்: "பாயுற நாய் எங்கயும் கெடைக்கும் தம்பி. பன்னிய மறிச்சு, ஆளு வர்ற வரைக்கும் குலைச்சுக்கிட்டு நிக்கிற நாய்தான் அம்புடாது." த.செ. ஞானவேலின் 'வேட்டையன்' (2024) பார்த்த இரவு இந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. போலீஸை நாயோடு ஒப்பிடவில்லை. திறமை என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதே என் கேள்வி.

நண்பர்கள் இதை என்கவுண்டருக்கு எதிரான படம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆசிரியை ஒருத்தியின் கொலை வழக்கில் அதிகாரி அதியன் குணாவைச் சுட்டுவிடுகிறார். பிறகு அவன் நிரபராதி என்று தெரிகிறது; மனம் குமைகிறார். ஆளை மாற்றிச் சுட்டதற்கான குமைச்சல் இது. குணாவே கொலைகாரனாக இருந்திருந்தால்? நீதியரசர் சத்யதேவ் இதைப் பற்றிப் பேசத்தான் செய்கிறார். ஆனால் அது பேச்சு. படம் நம் நரம்புகளுக்குத் தரும் அனுபவம் வேறு.

ஒருவன் ஆபத்தானவன் என்பது அவனைப் பார்க்குமுன்பே முடிவாகிவிடுவது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று, குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ரேகை பதிய மறுத்துத் திரண்டவர்கள்மேல் போலீஸ் சுட்டது. 16 பேர் மாண்டார்கள்.

நிதானிக்க வேண்டிய கணத்துக்குச் சட்டத்தில் இன்று இடம் இருக்கிறது. கைதுக்கு முரண்டுபவனைப் பிடிக்கத் தேவையான பலத்தைப் பிரயோகிக்கலாம். மரணமோ ஆயுளோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாதவனின் உயிரைப் போக்க அந்தப் பிரிவு உரிமை தராது. 1973ஆம் வருஷத்துச் சட்டத்தில் அது 46ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 43. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனிடத்திலும் அளவுகோல் 'தேவை'தான். என்கவுண்டர் சாவுகளைச் சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையத்தாரோ விசாரிக்க வேண்டும், சம்பவம் நடந்த கையோடு பதக்கமோ பதவி உயர்வோ கூடாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதக்கத்தை நிறுத்தச் சொன்னவர்களுக்குத் தியேட்டர் கைதட்டலை நிறுத்த அதிகாரமில்லை.

வெற்றிமாறனின் 'விசாரணை' (2015) இந்த இடத்தில் நேர்மையானது. மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நாவலிலிருந்து பிறந்த படம். அதில் வரும் அதிகாரி முத்துவேல் தயங்குகிறவர். தயக்கம் அவரைக் காப்பாற்றவில்லை. கடைசியில் தம் துறையினர் கையாலேயே சாகிறார். நிதானம் தனிமனிதக் குணம் மட்டுமல்ல, நிதானிப்பவனை விட்டுவைக்கிற ஒரு நிர்வாகமும் வேண்டும் என்று படம் காட்டிவிடுகிறது. 'வேட்டையன்' ஒரு மனிதரின் மனமாற்றத்தை நம்பச் சொல்கிறது. 'விசாரணை' அப்படி எதையும் நம்பச் சொல்லவில்லை.

ஆனாலும் அதிலும் ஒன்று இல்லை. சிக்கியவர்கள் அப்பாவிகள் என்பது நமக்கு முதலிலேயே தெரியும். அப்பாவிக்காகப் பரிவது சுலபம். இருட்டில் அரிவாளோடு ஒருவன் நிற்கிறான், வெட்டக்கூடியவன்தான். எதிரே ஒரு ஏட்டு. ஏட்டின் பயமும் நிஜம். இரண்டடி பின்வாங்கலாமா, பேச்சுக் கொடுக்கலாமா, துணைக்கு ஆள் வரும்வரை அவனை மறித்து நிற்கலாமா? அந்தச் சில விநாடிகளைப் பொறுமையாக எழுதிய ஒரு தமிழ்க் கதை என் கண்ணில் படவில்லை. சினிமாவைத் திட்டி எழுதுகிற நாமும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறோம்.